அத்தியாயம் 6: சாயங்காலம் ஆறரைக்கு மேல் வரும் வாசகர்

முதல் புத்தகம் வந்தபோது என் கையில் 180 செல்போன் எண்கள் இருந்தன. கூடப் படித்தவர்கள், சாத்தூர் பஸ்ஸில் தினமும் பார்த்துப் பழகியவர்கள், சிவகாசி அச்சகங்களில் பைண்டிங் வேலை பார்க்கிறவர்கள், சொந்தக்காரர்கள், நூலகத்தில் பழக்கமானவர்கள். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அட்டைப்படத்தோடு ஒரே செய்தியை அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மத்தியானம் வரை இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். மற்ற எவருக்கும் நீல டிக் கூட விழவில்லை. நம்ம ஊரில் எழுதி என்ன பிரயோஜனம் என்று நொந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஒவ்வொன்றாகப் பதில் வர ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழாயிரம்பண்ணையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தும் மறந்துவிட்டேன். அந்த எண்களில் பாதிக்கு மேல் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்களுடையவை. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒப்படைத்துவிட்டோ வீட்டில் வைத்துவிட்டோதான் உள்ளே போக வேண்டும். நான் பத்து மணிக்கு அனுப்பிய செய்தி, யாரும் இல்லாத வீட்டில் சுவர் அலமாரியில் கிடந்து ஒலித்திருக்கிறது. அவர்கள் வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, உலை வைத்துவிட்டு, அதன் பிறகுதான் செல்போனைக் கையில் எடுக்கிறார்கள்.

வாசகரோடு உறவு வைத்துக்கொள்வது எப்படி என்று இந்த நூலைக் கையில் எடுத்த நீங்கள் கேட்கும்போது, நான் முதலில் திருப்பிக் கேட்கும் கேள்வி இதுதான்: உங்கள் வாசகர் செல்போனை எத்தனை மணிக்குக் கையில் எடுக்கிறார்? இதற்கு விடை தெரியவில்லை என்றால் அவரை உங்களுக்கு இன்னும் தெரியாது.

எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை சம்பள நாள். அன்று சாயங்காலம் கடைக்கும் சீட்டுக்கும் கடனுக்கும்தான் மனசு ஓடும்; கதை ஓடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாக வாசிப்பார்கள். சிவகாசி அச்சகக்காரர்களுக்கு ஆடிப்பெருக்கன்று புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிட்டால் அதற்குப் பிறகு மார்கழி வரை மூச்சு விட நேரமில்லை. பட்டாசு வேலைக்காரர்களுக்குத் தீபாவளி முடிந்த பிறகு கொஞ்ச நாள் ஓய்வு. நீளமான ஒன்றை வாசிக்கக் கொடுக்க அதைவிட நல்ல காலம் இல்லை. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடந்து போகிறவர்களிடம் போய்ப் புத்தகம் பற்றிப் பேசாதீர்கள். உங்கள் ஊர் திருப்பூராக இருக்கலாம், தூத்துக்குடியாக இருக்கலாம். அந்தந்த ஊருக்கு ஒரு கடிகாரம் உண்டு. அதைப் பார்த்து எழுதுங்கள்.

கடுதாசி எழுதிய மண்

செல்போன் வந்துதான் எழுத்தாளரும் வாசகரும் பேசிக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கரிசல் காட்டில் இந்தப் பழக்கம் பழையது. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒரே ஊர்க்காரர்கள், சின்ன வயதுச் சிநேகிதர்கள். அழகிரிசாமி சென்னைக்கும் பிறகு மலேயாவுக்கும் வேலைக்குப் போனார். அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் புத்தகமாகவே வந்தன. கி.ரா. தன் கட்டுரைத் தொடருக்கே ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்று பெயர் வைத்தார். மேடையில் நின்று பேசுகிற தோரணை அதில் கிடையாது. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தரிடம் சொல்வதுபோல் இருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் அவரிடம் கற்றுக்கொள்ளலாம். 1982-ல் கி.ரா. வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். அப்படி ஒரு வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. ஊர் ஊராக நண்பர்களும் வாசகர்களும் சொல் சேர்த்துக் கொடுத்தால்தான் நடக்கும். நாட்டுப்புறக் கதைகளும் அவருக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. அவர் வாசகரிடம், என் கதை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர் என்று கேட்டார். கேட்கப்பட்டவருக்கு அதில் ஒரு மரியாதை கிடைத்தது. தனக்குத் தெரிந்த ஒன்று ஓர் எழுத்தாளருக்குத் தேவைப்படுகிறது என்ற மரியாதை.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்ததில் பாதி இதுவே. வாசகரிடம் பாராட்டு கேட்டால் ஒரு கட்டைவிரல் படம் கிடைக்கும். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டால் ஒரு மனுஷர் கிடைப்பார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து மேலாண்மறைநாட்டில் பிறந்த மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கிராமத்தில் சின்னக் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டே எழுதினார். ‘மின்சாரப் பூ’ தொகுப்புக்காக 2007-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கடையில் எண்ணெய்க்கும் பருப்புக்கும் வந்து நிற்கிற ஆட்கள்தான் அவர் கதைகளில் வருகிறவர்கள். கடைக்காரர் எடை போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுப்பார் இல்லையா, அந்தப் பேச்சுத்தான் நல்ல செய்திக்கும் வேண்டும்.

மெழுகு

ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கதை எழுதினேன். அதில் குச்சிகளைக் கட்டையில் அடுக்கி நேராக மருந்தில் முக்குவதாக ஒரு வரி இருந்தது. புத்தகம் வந்து மூன்று வாரம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து 47 விநாடி வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் குக்கர் விசில் கேட்டது. ஒரு பிள்ளை சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தது. ஓர் அக்கா பேசினார்:

“சார், உங்க கதையை என் மக வாசிச்சுக் காமிச்சா. நல்லா இருந்துச்சு. ஆனா மருந்துல முக்குறதுக்கு முன்னால மெழுகுல முக்கணும் சார். மெழுகு குடிக்காத குச்சி, தலை எரிஞ்ச ஒடனே அணைஞ்சு போகும். குச்சிக்குத் தீ ஏறாது. அதை மட்டும் சரி பண்ணிருங்க.”

அந்தச் செய்தியை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. தீப்பெட்டி ஊரில் இருந்துகொண்டு மெழுகை விட்டுவிட்டேனே என்ற வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், யாரென்றே தெரியாத ஒருத்தர், உழைத்து அலுத்து வந்த சாயங்காலத்தில், என் வரி தப்பாக நிற்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாரே என்ற நெகிழ்ச்சி.

அடுத்து நான் செய்ததைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நன்றி என்று ஒரு சொல்லைத் தட்டி அனுப்பியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவர் வாயால் பேசியதால் நானும் வாயால் பேசினேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கு நீளமாகத் தட்டச்சு செய்து அனுப்புவது அவரைச் சிரமப்படுத்துவது. முதலில் தப்பை ஒத்துக்கொண்டேன். அவர் மகளைக் கேட்டேன், எந்த வகுப்பு என்று. கடைசியாக ஒரே ஒரு கேள்வி: மெழுகு சட்டியிலிருந்து எடுத்ததும் கட்டையை எப்படிப் பிடிப்பீர்கள்? அதற்கு வந்த பதில் மூன்று நிமிஷம் ஓடியது. அதில் பாதி என் அடுத்த கதையில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் பலர் பிள்ளைப் பிராயத்திலேயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள். சிலர் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோதுதான் எழுத்துக் கற்றார்கள். அவர்களுக்கு வாசிக்க வரும், தட்டச்சு வராது. வாய்ஸ் மெசேஜ் அவர்களுக்காகவே வந்ததுபோல் வந்தது. அதை மதியாமல், “எழுதி அனுப்புங்க, கேட்க நேரமில்லை” என்று சொல்கிற எழுத்தாளர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இழப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. பட்டணத்து வாசகருக்கு மூன்று நிமிஷ வாய்ஸ் ஒருவேளை தொந்தரவாக இருக்கும். எவர் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே அவருக்குப் பதில் சொல்லுங்கள்.

அனுப்பிய செய்தியும் அனுப்ப வேண்டிய செய்தியும்

நான் அந்தத் திங்கட்கிழமை அனுப்பியது இது:

“வணக்கம். எனது புதிய சிறுகதைத் தொகுப்பு வெளிவந்துள்ளது. அனைவரும் வாங்கி வாசித்து ஆதரவு தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் தப்பான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் இதற்கு ஒருவர் என்ன பதில் எழுதுவார்? வாழ்த்துகள் என்று எழுதலாம். அதற்கு மேல் எழுத இதில் இடமே இல்லை. ‘அனைவரும்’ என்று ஆரம்பித்தாலே, வாசிக்கிறவர் தன்னை அதில் சேர்க்காமல் விட்டுவிடுவார். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டுப் போவதற்கும், வீட்டுக்கு வந்து தாம்பாளத்தில் வைத்து அழைப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

இரண்டாம் புத்தகத்துக்கு முன் ஒருவருக்கு அனுப்பியது:

“அக்கா, நல்லா இருக்கீங்களா? பாப்பா பரீட்சை எப்படி எழுதினா? மழை இல்லாத வருஷத்துல வைப்பாத்துல ஊத்துத் தோண்டித் தண்ணி எடுக்குறதைப் பத்தி ஒரு கதை எழுதிக்கிட்டு இருக்கேன். உங்க ஊர்ல அந்த ஊத்துக்குத் தனியா ஏதும் பேர் உண்டா? நேரம் கிடைக்கும்போது சொல்லுங்க, அவசரமில்லை.”

இதை அனுப்ப எனக்கு நாலு நிமிஷம் ஆனது. 180 பேருக்கு இப்படி அனுப்ப முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. ஒரு நாளைக்கு நாலு பேருக்கு முடியும். ஒன்றரை மாதத்தில் 180 பேரையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். ஒரு புத்தகம் எழுத எத்தனை மாதம் எடுத்துக்கொள்கிறோம்? அதன் வாசகருக்கு ஒன்றரை மாதம் அதிகமில்லை.

பெயர் சொல்லி அழைப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை வாசித்திருப்பீர்கள். அவர் இறந்த 1970-ம் வருஷத்துக்கான சாகித்திய அகாதெமி விருது அந்தப் பெயருள்ள தொகுப்புக்குத்தான் கிடைத்தது. புத்தகங்களை நேசிக்கிற ஒருவர் தன்னைச் சுற்றி வருகிற பிள்ளைகளில் இரண்டு பேருக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கொடுக்கவில்லை. அவன் அவரை வீட்டுக்கு அழைத்துப்போய், தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, தன் பெயர் போட்டு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். டைரி அவனிடமே இருக்கிறது. அவனுக்குத் தேவை அவர் கையால் எழுதிய தன் பெயர். வாசகருக்குச் செய்தி அனுப்பும் முன் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கதையை வாசித்துக்கொள்கிறேன்.

எப்படி அழைப்பது என்பதில் எங்கள் பக்கம் குழப்பம் குறைவு. வயதில் மூத்த கடைக்காரர் அண்ணாச்சி. மூத்த பெண் அக்கா. படிக்கிற பிள்ளைகளுக்குத் தம்பி, தங்கச்சி, பாப்பா. ஆனால் முதல் செய்தியிலேயே உறவுமுறை கொண்டாடுவது எல்லாருக்கும் பிடிக்காது. முதலில் பெயரோடு ‘வணக்கம்ங்க’ போதும். அவர் உங்களை எப்படி அழைக்கிறார் என்று பாருங்கள். உங்களை சார் என்று சொல்கிறவரை எடுத்த எடுப்பில் மாப்பிள்ளை ஆக்க வேண்டாம். வயதில் எவ்வளவு சின்னவராக இருந்தாலும் எழுத்தில் ‘ங்க’ விட்டுப் போகக் கூடாது என்பது என் கட்சி.

செல்போனில் என்ன செய்வது

எழுத்துக்கென்று தனியாக ஒரு சிம் வாங்குங்கள். அந்த எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். அதற்குக் காசு கிடையாது. வாசகர்களுக்கு லேபிள் ஒட்டி வைக்கலாம், நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதில் ஒன்றை வைக்கலாம், க்யூஆர் குறியீடும் எடுக்கலாம். அந்தக் குறியீட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சடியுங்கள். வெறும் குறியீட்டை மட்டும் போடாமல் மேலே ஒரு வரி சேருங்கள். என் புத்தகத்தில், ‘இந்தக் கதைகளில் தொழில் பற்றியோ ஊர் பற்றியோ தப்பு இருந்தால் சொல்லுங்கள்’ என்று போட்டேன். கருத்துகளை எதிர்பார்க்கிறேன் என்று போட்ட முதல் புத்தகத்துக்கு வந்ததைவிடப் பல மடங்கு அதிகமாக வந்தது.

பலருக்கு ஒரே செய்தி அனுப்பியே ஆக வேண்டிய நேரம் வரும். புத்தக வெளியீடு, ஊர் மாற்றம், இப்படி. அதற்கு பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். அவரவருக்குத் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். உங்கள் எண்ணைத் தன் செல்போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும் என்று ஒரு நிபந்தனை உண்டு. பலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. கதவைத் திறந்து வைத்தவர் வீட்டுக்குள் மட்டும்தானே நுழைய வேண்டும்?

குழு ஆரம்பிப்பதற்கு முன் பத்து தடவை யோசியுங்கள். குழுவில் சேர்ந்த ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காக முன்பின் தெரியாத ஆட்கள் நடுவில் ஒரு பெண்ணின் எண்ணைக் கொண்டுபோய் வைப்பது அவருக்கு நாம் செய்கிற தீங்கு. என் குழு ஒன்றில் ஒரு வாசகிக்கு இரவு பதினொரு மணிக்குத் தெரியாத ஆளிடமிருந்து அழைப்பு வந்தது. எண் அங்கிருந்துதான் போனது என்று தெரிந்த அன்றே குழுவைக் கலைத்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்குப் பிறகும் வாசிக்கிறார், ஆனால் எனக்கு எழுதுவதில்லை. அது என்னால் வந்த நஷ்டம்.

2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனல் வசதியில் இந்த ஆபத்து இல்லை. பின்தொடர்கிறவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. அறிவிப்பு சொல்ல நல்லது. ஆனால் அது ஊர் மைக் செட் மாதிரி. நீங்கள் பேசலாம், அவர்கள் கேட்கலாம். உறவுக்கு அது ஆகாது.

யாரையும் கேட்காமல் எதிலும் சேர்க்காதீர்கள். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் அடிப்படையாக வைக்கிறது. பதிப்பகத்துக்கோ வேறு எழுத்தாளருக்கோ வாசகர் எண்களைத் தூக்கிக் கொடுப்பதும் இதில் சேர்த்தி. நல்ல நோக்கத்தோடுதான் கேட்பார்கள். இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் செல்போன் நினைவு வைத்துக்கொள்ளாது. சிவகாசியில் நோட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு லாங் சைஸ் நோட்டு எடுத்து, ஆளுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: வெம்பக்கோட்டை பக்கம். லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் வெளியூர். வாசிப்பதைவிடக் கேட்கப் பிடிக்கும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். மூன்றாம் கதையின் முடிவு பிடிக்கவில்லை, காரணம் சரியாகச் சொன்னார். ஓடைக் கரையில் நரி பார்த்த கதை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், கேட்க வேண்டும்.

அந்தக் கடைசி வரி எனக்கு ஒரு கடன். நோட்டில் ஏறிவிட்டதால் அடைந்துவிடும்.

கெட்ட செய்தி வரும் நாட்கள்

எங்கள் பக்கத்தில் எழுதுகிறவருக்கு இந்தப் பகுதி தவிர்க்க முடியாதது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். இந்த ஊர்ப் பெயர்களையும் தேதிகளையும் சொன்னால் இங்கே வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப் பட்டாசு ஆலையில் விபத்து நடந்த அடுத்த சில நிமிஷங்களில் படமும் வீடியோவும் பறக்க ஆரம்பித்துவிடும். எழுத்தாளர் என்ற முறையில் உங்களுக்கும் அனுப்புவார்கள், நீங்கள் நாலு பேருக்குச் சொல்வீர்கள் என்ற நம்பிக்கையில். அதை மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அந்த வீடியோவில் கிடப்பவரின் அக்காவும் மகனும் உங்கள் லிஸ்டில் இருக்கலாம். சொந்தக்காரர் சொல்லித் தெரிய வேண்டிய துக்கத்தைச் செல்போன் திரையில் அவர்கள் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது.

அன்றைக்குப் புத்தகம், கூட்டம், விருது எதைப் பற்றியும் பேச்சு வேண்டாம். தெரிந்தவர்களுக்கு ஒற்றை வரி போதும்: “வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?” பதில் வராவிட்டால் நேரில் போங்கள்.

பிறகு, மாதங்கள் கழித்து, சிலர் தாமாகவே பேசுவார்கள். அன்று என்ன நடந்தது, எந்த செட், யார் கூட இருந்தார்கள் என்று. ஒருவர் என்னிடம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பதினோரு மணி வரை வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பிக்கொண்டிருந்தார். நான் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. “கேட்டுக்கிட்டு இருக்கேன்ணே” என்று மட்டும் நாலைந்து தடவை எழுதினேன். அதைக் கதையாக எழுதும் ஆசை எனக்கும் வந்தது. எழுதவில்லை. அவர் எனக்குச் சொன்னது வாசகராக இருந்து அல்ல. பேச ஆள் வேண்டியிருந்தது. நஷ்ட ஈட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தால் நாம் எழுதும் ஒரு வரி அவருக்கு எதிராகவே திரும்பவும் கூடும். ஒருவர் தனியாகச் சொன்னதை எழுத வேண்டும் என்றால் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, பெயர் போடலாமா, ஊர் போடலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். மெழுகு சொன்ன அக்கா இரண்டாம் பதிப்பில் தன் பெயர் வேண்டாம் என்றார். போடவில்லை.

பணம் பற்றி ஒரு வார்த்தை. வாசகரிடம் கடன் கேட்காதீர்கள். உங்களிடம் கேட்டால் முடிந்ததை நேரில் கையில் கொடுங்கள். உங்கள் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு ஆரம்பித்து உங்கள் வாசகரிடம் அவசரம் என்று பணம் கேட்கிற கூட்டம் உண்டு. ‘நான் ஒருபோதும் செய்தியில் பணம் கேட்க மாட்டேன்’ என்று ஆண்டுக்கு இரண்டு தடவை எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். ஏமாந்துபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். சைபர் குற்ற நிதி மோசடிக்கான அரசு உதவி எண் அது.

இரவு ஒன்பதரைக்கு மேல் நானாக யாருக்கும் செய்தி ஆரம்பிப்பதில்லை. பெண் வாசகர் என்றால் படம் கேட்பதில்லை, முன்கூட்டிக் கேட்காமல் அழைப்பதில்லை. சொல்லாமலே தெரிய வேண்டியது என்று இவற்றை நினைத்திருந்தேன். வாசகிகள் பலர் பட்ட அனுபவங்களைக் கேட்ட பிறகு, எழுதி வைக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

திரைக்கு இந்தப் பக்கம்

வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதி எழுதியே ஒரு பெரிய நட்பு வட்டம் உருவாக முடியும் என்பதற்கு நம் காலத்து உதாரணம் ஜெயமோகன். மின்னஞ்சலில் கேள்வி கேட்டவர்களுக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். அப்படி எழுதியவர்கள் ஒருவரையொருவர் சந்தித்து விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் உருவானது. 2010-ல் ஆ. மாதவனுக்குத் தொடங்கி ஆண்டுதோறும் மூத்த படைப்பாளிகளுக்கு விருது கொடுக்கிறார்கள். ஒரு எழுத்தாளரின் வாசகர்கள் கூடி வேறு எழுத்தாளர்களைக் கொண்டாடுவது சின்ன விஷயமில்லை. அவர் அளவுக்கு எழுதிக் குவிக்க எல்லாராலும் ஆகாது. அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கேட்டவருடைய கேள்வியை அவர் கேட்டதைவிடப் பெரிதாக மதித்துப் பதில் எழுதுவதைத்தான்.

2015-ல் அதே விருதைப் பெற்ற கவிஞர் தேவதச்சன் கோவில்பட்டியில் நகைக்கடை வைத்திருந்தவர். எழுதுகிற இளைஞர்கள் அவர் கடையைத் தேடிப் போய் உட்கார்ந்து பேசுவார்கள். செல்போன் அந்தக் கடைக்கு மாற்றாகிவிடாது. நான் ஆண்டுக்கு ஒரு தடவை, தீபாவளி கழிந்த இரண்டாம் ஞாயிறு, என்னோடு செய்தியில் பேசுகிறவர்களை வீட்டுக்குக் கூப்பிடுகிறேன். போன வருஷம் பதினெட்டுப் பேர் வந்தார்கள். சாத்தூர் சேவும் காப்பியும். மெழுகு அக்கா மகளோடு வந்திருந்தார். இரண்டாம் பதிப்பைக் கையில் கொடுத்ததும் அட்டையைக்கூடப் பார்க்காமல் அந்தப் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். மகள் எடுத்து வாசித்துக் காட்டினாள். “ம்” என்றார். பிறகு பக்கத்தில் இருந்த லாரி ஓட்டுகிறவரிடம் மெழுகு ஏன் வேண்டும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியாக, சேமித்து வைப்பது. உ.வே. சாமிநாதையருக்கு வந்த கடிதங்கள் இன்றைக்கும் சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன. 1887-ல் ‘சீவக சிந்தாமணி’ பதிப்பித்த காலத்துக்கு முன்பிருந்தே வந்த கடிதங்களை அவர் பத்திரப்படுத்தியதால், எங்கெங்கிருந்து யார் யார் அவருக்கு எழுதினார்கள் என்று நமக்குத் தெரிகிறது. பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் எழுதியதும் தெரிகிறது. நம் செல்போன் ஒரு தடவை தண்ணீரில் விழுந்தால் ஐந்து வருஷப் பேச்சு போய்விடும். எனக்கு ஒரு தடவை போயிருக்கிறது. இப்போது மாதக் கடைசி ஞாயிறு காலையில், முக்கியமான உரையாடல்களைத் திறந்து, ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து, வாய்ஸ் கோப்புகளோடு சேர்த்துக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் ஏற்றிவிடுகிறேன். அந்த 47 விநாடியை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன், குக்கர் விசிலோடு.